கப்பல் புறப்பட்டது யார் பலத்தில்?

(ஆலைத் தொழிலாளர் வாசகசாலைக் கூட்டத்தில் நாம் ஆற்றிய உரை)



போன மாதம் இதே இடத்தில் நாம் பேசி முடித்துக் கிளம்பும் சமயத்தில், நூற்புப் பகுதியில் வேலை செய்யும் ஓர் இளந்தோழர் வாசலில் நம்மை நிறுத்தினார். "தோழரே, டைட்டானிக் சினிமா பார்த்தேன். அவ்வளவு பெரிய கப்பல் எப்படி முழுகிப் போச்சு?" என்று கேட்டார். பனிப்பாறையில் மோதி முழுகியது என்று பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்தப் பதில் நமக்கே திருப்தியாக இல்லை. அந்தக் கப்பல் முழுகிய கதையைச் சொல்ல உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 1997இல் வெளிவந்த அந்த சினிமா மூன்று மணி நேரம் ஓடுகிறது. ஆனால் அது புறப்பட்ட கதையை யார் கேட்கிறார்கள்? எவ்வளவு பெரிய கப்பலானாலும் தானாகப் புறப்படுவதில்லை. யாரோ கரி வெட்ட வேண்டும், யாரோ கரி அள்ளிப் போட வேண்டும். ஆகவே இன்று கப்பல் புறப்பட்ட கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறோம். முழுகியதை நடுவில் சுருக்கமாகச் சொல்லிக் கொள்வோம்.

முதலில் கப்பலைப் பார்த்துவிடுவோம். நீளம் 882 அடி. எடை 46,000 டன்னுக்கு மேல். அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்தில் உள்ள ஹார்லண்ட் அண்ட் உல்ப் கப்பல் பட்டறையில் கட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள் எட்டுத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1911 மே 31ஆம் தேதி வெறும் கூட்டைத் தண்ணீரில் இறக்கிய அன்று, முட்டுக்கட்டைகளைத் தட்டி எடுத்துக் கொண்டிருந்த ஒரு தொழிலாளி அடிபட்டு மறுநாள் இறந்தார். அவரும் அந்த எட்டுப் பேரில் ஒருவர். கப்பலுக்கு நாலு புகைபோக்கிகள். அதில் புகை விட்டது மூன்றுதான். நாலாவது பெரும்பாலும் காற்றோட்டத்துக்காக வைத்தது. நாலு இருந்தால்தான் பார்வைக்குக் கம்பீரம் என்பதும் ஒரு காரணம். அந்த நாலாவது புகைபோக்கியை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

கப்பலில் பறந்தது பிரிட்டிஷ் கொடி. நடத்தியது ஒயிட் ஸ்டார் லைன் என்ற பிரிட்டிஷ் கம்பெனி. ஆனால் அந்தக் கம்பெனியே அமெரிக்க பாங்கி முதலாளி ஜே. பி. மார்கன் உருவாக்கிய கப்பல் டிரஸ்டுக்குச் சொந்தம். அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஓடிய பல கம்பெனிகளை அந்த டிரஸ்டு வளைத்துப் போட்டிருந்தது. கொடி ஒரு தேசத்துடையது, லாபம் போவது வேறு தேசத்துக்கு!

இப்போது கரிக்கு வருவோம். டைட்டானிக் தன் முதல் பிரயாணத்துக்கு இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட வேண்டிய நாள் 1912 ஏப்ரல் 10. அதற்கு ஒரு மாதம் முன்பு, மார்ச் மாதம் முதல் தேதி, பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தேசம் முழுவதும் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் பேர். அவர்கள் கேட்டது என்ன? குறைந்தபட்சக் கூலி. பெரியவர்களுக்கு ஒரு ஷிப்டுக்கு ஐந்து ஷில்லிங், பையன்களுக்கு இரண்டு ஷில்லிங். "ஐந்தும் இரண்டும்" என்பதே அவர்களுடைய கோஷமாக இருந்தது. சுரங்கத்தில் வெட்டிய கரியின் எடைக்குத்தான் கூலி. கரி நன்றாக இருக்கும் இடத்தில் வேலை கிடைத்தவனுக்குக் கூலி சேரும். பாறையும் தண்ணீருமான இடத்தில் மாட்டிக் கொண்டவன் நாள் முழுக்க முதுகொடிய வெட்டினாலும் அடுப்பெரியக் காசு சேராது. பீஸ் ரேட்டில் வேலை செய்தவர்களுக்கும், களை முளைத்த வயலில் குத்தகை அறுப்பு அறுத்தவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

சர்க்கார் மார்ச் மாதக் கடைசியில் அவசரமாக ஒரு குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கொண்டு வந்தது. சட்டத்தில் கூலி உண்டு, ஆனால் ஐந்தும் கிடையாது, இரண்டும் கிடையாது! தொகையை வட்டார போர்டுகள் தீர்மானித்துக் கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். ஏப்ரல் 6ஆம் தேதி வேலை நிறுத்தம் முடிவுக்கு வந்தது. ஆனால் அன்று சுரங்கத்தில் இறங்கியவர் வெட்டிய கரி நாலே நாளில் சவுத்தாம்ப்டன் வந்து சேருமா? சேராது. பெரிய பெரிய கப்பல்கள் கரியில்லாமல் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அப்படிக் கட்டிக் கிடந்த தன் டிரஸ்டுக் கப்பல்களின் கிடங்குகளைச் சுரண்டி, நாலாயிரம் டன்னுக்கு மேல் கரியை டைட்டானிக்கில் ஏற்றியது. அந்தக் கப்பல்களில் போக வேண்டிய பிரயாணிகளையும் இதில் ஏற்றியது. புதுக் கப்பல், பத்திரிகைகளில் விளம்பரம் வந்தாகிவிட்டது, கோடீஸ்வரர்கள் சீட்டு வாங்கிவிட்டார்கள், தேதி தவறக் கூடாது. ஐந்தாறு வீட்டு அடுப்பை அணைத்து ஒரு வீட்டில் விருந்து சமைத்த மாதிரிதான்.

கப்பல் ஓடாவிட்டால் கப்பல் தொழிலாளிக்கு வேலை ஏது? சவுத்தாம்ப்டன் முழுக்கக் கப்பலை நம்பிய ஊர். அந்த ஊர்ப் பயர்மேனுக்கு மாதச் சம்பளம் என்று நிரந்தரமாக ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு பிரயாணத்துக்கும் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். போய் வந்ததும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த பிரயாணத்துக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். கரி வேலை நிறுத்தத்தால் வாரக் கணக்கில் வரிசையே இல்லை. வீட்டுச் சாமான்கள் அடகுக் கடைக்குப் போயின. ஒரு தொழிலாளி போராடும்போது இன்னொரு தொழிலாளியின் அடுப்பு அணைகிறது. இந்தச் சங்கடம் நமக்கும் புதிதல்ல. பஞ்சு வராத வாரங்களில் நம் ஆலை வாசலிலும் பார்த்திருக்கிறோம். அந்தச் சமயத்தில் பசித்தவன் சுரங்கத் தொழிலாளியைத் திட்டினால் முதலாளிக்குக் கொண்டாட்டம்.

சுரங்க வேலை நிறுத்தம் முடிந்த அதே ஏப்ரல் 6ஆம் தேதிதான் டைட்டானிக்குக்குப் பெரும்பாலான ஆட்களை எடுத்தார்கள். பயர்மேனுக்கு மாதம் 6 பவுன். கரியைக் கிடங்கிலிருந்து அள்ளி அடுப்படியில் சேர்க்கும் டிரிம்மருக்கு 5 பவுன் 10 ஷில்லிங். மேல்தளத்து மாலுமிக்கு 5 பவுன். கப்பலின் மிகச் சிறந்த அறைத்தொகுதி ஒன்றுக்கு ஓர் அம்மாள் கொடுத்த கட்டணம் 512 பவுன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பயர்மேன் ஒரு பைசா செலவழிக்காமல் ஏழு வருஷம் அடுப்பெரித்தால் அந்த அறையில் ஒரு வாரம் படுத்துப் போகலாம்.

கையெழுத்துப் போட்டவனிடம் யாரும் கேட்கவில்லை: கப்பலில் எத்தனை உயிர்ப்படகு இருக்கிறது என்று பார்த்தாயா? ஆபத்து வந்தால் உனக்கு எந்தப் படகு? வாரக் கணக்கில் வேலையில்லாத மனிதன் என்னத்தைக் கேட்பான்? எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்பான்.

அடுத்து அந்த அடுப்படிக்குப் போவோம். அந்த சினிமாவில் அது சில நிமிஷம் வந்து போகிறது. நாம் கொஞ்ச நேரம் நிற்போம். கப்பலில் 29 பாயிலர்கள். ஒவ்வொன்றும் பதினைந்தடி விட்டத்துக்கு மேல். மொத்தம் 159 அடுப்பு வாய்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 டன் கரி தின்னும். அத்தனையும் மண்வெட்டியால், மனிதக் கையால். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி நேரம். நாலு மணி நேரம்தானா என்று நினைக்க வேண்டாம். அதற்கு மேல் மனித உடம்பு அந்த உஷ்ணத்தில் நிற்காது என்று கம்பெனிக்கே தெரியும்.

கரியைச் சும்மா தள்ளிவிட முடியாது. பரவலாக வீச வேண்டும், கம்பியால் கிளற வேண்டும், கட்டிய கசடை உடைத்து இழுக்க வேண்டும், சாம்பலை வார வேண்டும். கப்பல் ஆடும்போது அடுப்பு வாய்க்கு எதிரே கால் ஊன்றி நிற்க வேண்டும். இத்தனைக்கும் மேலே ஒரு மணி. எந்த அடுப்பு வாயை எப்போது திறக்க வேண்டும் என்று நம்பர் காட்டி மணியடிக்கும் ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். மணி அடித்தால் அந்த நம்பர் அடுப்பைத் திறந்தாக வேண்டும். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் மேலே ஒருவர் மணிக்கு இடையே உள்ள நேரத்தைக் குறைத்துவிட்டால் போதும். ஸ்பீட் கூட்டிய மெஷினில் நின்றவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது.

அந்தத் தொழிலாளர்கள் படுத்தது கப்பலின் மூக்குப் பகுதியில். வேலைக்குப் போக அங்கிருந்தே சுற்றுப்படி வழியாக அடித்தளத்துக்கு இறங்கி, ஒரு சுரங்கப்பாதை வழியாக நடந்து பாயிலருக்குப் போக வேண்டும். பிரயாணிகள் கண்ணில் கரி அப்பிய மனிதர்கள் பட்டுவிடக் கூடாது என்று இப்படி வழி வைத்திருந்தார்கள். கப்பலின் ஆட்கள் ஏறக்குறைய 900 பேர். விசாரணைக் கமிஷன் கணக்குப்படி மேல்தளத்து மாலுமிகள் 66, எஞ்சின் பகுதி 325, சாப்பாடு பரிமாறவும் படுக்கை விரிக்கவும் உபசாரம் செய்யவும் 494. கப்பலை ஓட்டுகிறவர்களை விட உபசாரம் செய்கிறவர்கள் அதிகம்!

இன்னொரு விஷயம். பெல்பாஸ்டிலிருந்து கிளம்பியதிலிருந்தே ஒரு கரிக் கிடங்கில் நெருப்புப் பிடித்துக் கனன்று கொண்டிருந்தது. குவித்து வைத்த கரி தானாகச் சூடேறிப் புகைவது கப்பல்களில் உண்டு. அதை அணைக்க ஒரே வழி, அந்தக் கிடங்கின் கரியை எல்லாம் அள்ளி அடுப்பில் போட்டுக் காலி செய்வது. சமுத்திரத்தில் போய்க் கொண்டிருக்கும்போது, ஏப்ரல் 13ஆம் தேதி சனிக்கிழமைதான் அந்தக் கிடங்கு காலியாயிற்று என்று பயர்மேன்கள் பின்னால் விசாரணையில் சாட்சி சொன்னார்கள். மேலே பிரயாணிகள் நடனமாடிய மூன்று நாளும் கீழே இவர்கள் நெருப்பைத் தின்று கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை, ஏப்ரல் 10. விடியற்காலையிலிருந்து ஆட்கள் கப்பலுக்கு வந்தார்கள். கடைசி நேரத்தில் சிலர் கரையேறி, பக்கத்துச் சாராயக் கடையில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வரப் போனார்கள். அவர்களில் மூன்று பேர் அண்ணன் தம்பிகள், மூவருமே அடுப்படித் தொழிலாளர்கள். திரும்பி ஓடி வரும்போது ரயில் ஒன்று குறுக்கே வந்தது. ரயில் போகட்டும் என்று நின்றார்கள். கூட வந்தவர்களில் சிலர் ரயிலுக்கு முன்னால் பாய்ந்து கடந்து கப்பலேறிவிட்டார்கள். சகோதரர்கள் வந்து சேர்ந்தபோது ஏணிப்பாலத்தை எடுத்துக் கொண்டிருந்தார்கள். எவ்வளவு கெஞ்சியும் ஏற்றவில்லை. வெளி ஆட்களாகத் தயாராக நின்றவர்களில் சிலரைக் கூப்பிட்டு அந்த இடத்தைப் போட்டு நிரப்பினார்கள். கிடைத்த பிரயாணம் போயிற்றே என்று மூன்று பேரும் துறைமுகத்தில் நின்றிருப்பார்கள். அந்த வெளி ஆட்கள் தங்கள் அதிர்ஷ்டத்தை நினைத்துக் கொண்டு படி இறங்கியிருப்பார்கள். ஐந்து நாளில் அந்த அதிர்ஷ்டம் எப்படித் திரும்பியது என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். நாமோ அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேச வரவில்லை.

அன்று காலை சர்க்காரின் வர்த்தக போர்டு உத்தியோகஸ்தர் வந்து கப்பலைப் பரிசோதித்தார். இரண்டே இரண்டு படகுகளை இறக்கச் சொல்லிப் பார்த்து, மேலே ஏற்றச் சொல்லி, சரி என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார். கப்பலில் இருந்த படகுகள் மொத்தம் 20. அவ்வளவிலும் நெருக்கி உட்கார்ந்தால் 1,178 பேருக்கு இடம். கப்பலில் போனவர்கள் ஏறக்குறைய 2,200 பேர்.

இது சட்ட விரோதமா தோழர்களே? இல்லை! இதுதான் கவனிக்க வேண்டிய இடம். சட்டம் கேட்டதை விட நாலு படகு அதிகமாகவே இருந்தது. 1894இல் எழுதிய விதி, 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 16 படகு என்று சொன்னது. அதன் பிறகு கப்பல்கள் 20,000 ஆயின, 30,000 ஆயின, 46,000 ஆயின. விதி அப்படியே இருந்தது. இதைவிட அதிகமான படகுகளைத் தாங்கக்கூடிய தூக்குக் கொம்புகள் அதே கப்பலில் பொருத்தப்பட்டிருந்தன. கொம்பு இருந்தது, படகு வாங்கவில்லை. ஆகவே அந்த உத்தியோகஸ்தர் பொய் சர்ட்டிபிகேட் கொடுக்கவில்லை. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்த ஒரு கப்பல்தான் புறப்பட்டது.

பகல் பன்னிரண்டு மணிக்கு வடங்களை அவிழ்த்தார்கள். இழுவைப் படகுகள் கப்பலை வெளியே இழுத்துவிட்டன. கரை நெடுகிலும் ஜனங்கள் கை வீசினார்கள். அந்தக் குறுகிய வாய்க்காலில் கரியில்லாமல் கட்டிக் கிடந்த கப்பல்களில் ஒன்றின் பெயர் "நியூயார்க்". டைட்டானிக் பக்கத்தில் நகர்ந்தபோது எழுந்த நீரோட்டத்தில் நியூயார்க்கின் வடங்கள் படபடவென்று துப்பாக்கி வெடிப்பது போல அறுந்தன. அதன் பின்பகுதி சுழன்று டைட்டானிக்கை நோக்கி வந்தது. ஓர் இழுவைப் படகு வடத்தை வீசிப் பிடித்தது. கப்டன் ஸ்மித் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்ட உத்தரவிட்டார். நாலடி இடைவெளியில் மோதல் தப்பியது. கரி பறிகொடுத்து வயிறு காலியாகக் கிடந்த கப்பல் எழுந்து வந்து வழி மறித்தது போல இருக்கிறது, இல்லையா? இது நம்முடைய வேடிக்கைப் பேச்சு, காரணம் நீரோட்டம்தான். ஒரு மணி நேரம் தாமதமாகக் கப்பல் கடலில் இறங்கியது.

அன்று சாயங்காலம் பிரான்ஸில் ஷெர்பர்க் துறைமுகம். கப்பல் கரைக்கு வர முடியாத துறை. சிறு கப்பல்களில்தான் ஆட்களைக் கொண்டு வந்து ஏற்ற வேண்டும். இதற்கென்றே கம்பெனி இரண்டு சிறு கப்பல்களைக் கட்டி வைத்திருந்தது. ஒன்று முதல் இரண்டு வகுப்பாருக்கு. மற்றொன்று மூன்றாம் வகுப்பு ஏழைகளுக்கும் தபால் மூட்டைகளுக்கும். தண்ணீர் ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான்!

மறுநாள் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன். இப்போது அந்த ஊருக்குப் பெயர் கோவ். அங்கே ஏறியவர்கள் 120 பேருக்கு மேல். அநேகமாக எல்லோரும் மூன்றாம் வகுப்பு. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்திலிருந்து அயர்லாந்து கிராமங்கள் தங்கள் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பிக் கொண்டே இருந்தன. நிலம் நிலப்பிரபுவினுடையது, வாரம் கட்டி மாளாது, ஒரு பெண்ணையோ பையனையோ அமெரிக்காவுக்கு அனுப்பினால் அவர்கள் அங்கிருந்து பணம் அனுப்புவார்கள். மேயோ ஜில்லாவில் லஹர்டேன் என்ற ஒரு சிறு கிராமத்துப் பகுதியிலிருந்து மட்டும் 14 பேர் சேர்ந்து வந்து இந்தக் கப்பலில் ஏறினார்கள். மூன்றாம் வகுப்புச் சீட்டு ஏழு, எட்டு பவுன். ஸ்வீடன், பின்லாந்து, பல்கேரியா, லெபனான் என்று எங்கெங்கிருந்தோ வந்த 700 ஏழைகள் கப்பலின் இரண்டு முனைகளிலும் அடித்தளங்களிலும் இருந்தார்கள். கண் நோய் இருக்கிறதா என்று அவர்களை டாக்டர் பார்த்துத்தான் ஏற்றினார். அமெரிக்கா ஏற்காமல் திருப்பியனுப்பினால் செலவு கம்பெனி தலையில் விழும் அல்லவா?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற கப்பல்களை விட டைட்டானிக்கில் மூன்றாம் வகுப்பு நன்றாகவே இருந்தது. புதிய ரொட்டி கிடைத்தது, படுக்க அறை இருந்தது. குளிக்கத்தான் 700 பேருக்கு இரண்டு தொட்டி. குடியேறப் போகும் ஏழைகளின் கூட்டம்தான் கப்பல் கம்பெனிகளுக்கு நிச்சய வருமானம். நல்ல ரொட்டி கொடுத்தால் கூட்டம் வரும் என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. படகு எத்தனை என்று பார்த்து யாரும் சீட்டு வாங்குவதில்லை என்பதும் தெரிந்திருந்தது.

குவீன்ஸ்டவுனில் கப்பல் நின்றிருந்தபோதுதான் அந்த நாலாவது புகைபோக்கி சம்பவம். புகையில்லாத அந்தக் குழாய்க்குள் இருந்த ஏணி வழியாக ஒரு பயர்மேன் காற்று வாங்க உச்சிக்கு ஏறிவிட்டார். கரி அப்பிய கறுத்த முகம் ஒன்று புகைபோக்கியின் வாயிலிருந்து வெளியே எட்டிப் பார்த்தது! கீழே நின்ற பிரயாணிகளில் சிலர் பயந்து போனார்கள்; இது ஏதோ கெட்ட சகுனம் என்று பேசிக் கொண்டார்கள். தங்களைச் சுமந்து செல்கிற தொழிலாளியின் முகத்தை அந்தப் பிரயாணத்தில் அவர்கள் ஒரே ஒரு தடவை பார்த்தார்கள். அதுவும் சகுனமாகிவிட்டது!

அதே ஊரில் இன்னொரு பயர்மேன், குவீன்ஸ்டவுனே சொந்த ஊர், தபால் மூட்டைகளுக்கு அடியில் ஒளிந்து சிறு கப்பலில் கரையேறி வீட்டுக்குப் போய்விட்டார். பகல் ஒன்றரை மணிக்கு நங்கூரம் எடுத்தார்கள். டைட்டானிக் கடைசியாகக் கரையை விட்டது அப்போதுதான்.

ஏப்ரல் 14 இரவு மோதியது. 15ஆம் தேதி அதிகாலை 2.20 மணிக்கு முழுகியது. 1,500 பேர் இறந்தார்கள். பிரிட்டிஷ் விசாரணைக் கமிஷனின் கணக்கை மட்டும் சொல்கிறோம். முதல் வகுப்பில் 325 பேர், பிழைத்தவர் 203. மூன்றாம் வகுப்பில் 706 பேர், பிழைத்தவர் 178. மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79, பிழைத்தவை 27. தொழிலாளர்கள் 885, பிழைத்தவர் 212. லஹர்டேனிலிருந்து வந்த 14 பேரில் 11 பேர் திரும்பவில்லை. விளக்குகள் கடைசி வரை எரிந்தன. ஏனென்றால் எஞ்சினியர்கள் மேலே வரவில்லை. அவர்களில் ஒருவர் கூடப் பிழைக்கவில்லை. மூன்றாம் வகுப்பாருக்கு வேண்டுமென்று பாரபட்சம் காட்டவில்லை என்று கமிஷன் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கமிஷன் முன் மூன்றாம் வகுப்புப் பிரயாணி ஒருவரைக் கூடச் சாட்சி சொல்ல அழைக்கவில்லை.

சவுத்தாம்ப்டனில் கம்பெனி ஆபீஸ் வாசலில் பெண்கள் இரவும் பகலும் நின்றார்கள். பிழைத்தவர் பட்டியல் வரும் வரையில் கைக்குழந்தையோடு தெருவிலேயே நின்றார்கள். அந்த ஒரு ஊரில் 500 வீடுகளுக்கு மேல் சாவு.

கூலி என்ன ஆயிற்று? அந்தக் காலத்துக் கடல் சட்டப்படி கப்பல் அழிந்தால் ஒப்பந்தம் முடிந்தது. ஆகவே 15ஆம் தேதி கப்பல் முழுகியதோடு கூலியும் நின்றது. செத்தவருக்கும் அப்படித்தான், படகில் குளிரில் நடுங்கிக் கிடந்து உயிர் பிழைத்தவருக்கும் அப்படித்தான். காண்டிராக்ட் தொழிலாளி நிலைமை இன்னும் மோசம். கப்பலில் இருந்த தனி ரெஸ்டாரண்டைக் காண்டிராக்டுக்கு விட்டிருந்தார்கள். அதில் வேலை செய்த அறுபதுக்கு மேற்பட்டவர்களில் மூன்று பேர் பிழைத்தார்கள். கடைசி வரை வாத்தியம் வாசித்த எட்டுப் பேரும் கம்பெனி ஆட்கள் இல்லை. ஓர் ஏஜென்சி அனுப்பியவர்கள். இரண்டாம் வகுப்புச் சீட்டில் ஏற்றியிருந்ததால் அவர்கள் எங்கள் தொழிலாளிகளே இல்லை என்று கப்பல் கம்பெனி கை கழுவியது. அவர்களில் ஓர் இளைஞரின் வீட்டுக்கு, மகன் இறந்த அதே மாதத்தில், அவர் போட்டிருந்த யூனிபாரத்துக்குப் பாக்கி என்று ஏஜென்சி பில் அனுப்பியது. காண்டிராக்டர் என்ற ஜாதிக்கு எந்த தேசத்திலும் ஒரே முகம்தான்.

கப்பல் முழுகினால் மாலுமிக்கு இரண்டு மாதக் கூலி வரை நஷ்ட ஈடு என்று சர்வதேசத் தொழிலாளர் மாநாடு 1920இல் தீர்மானித்தது. பிரிட்டனில் அது சட்டமானது 1925இல். பதின்மூன்று வருஷம்!

ஆனால் சவுத்தாம்ப்டன் பயர்மேன்கள் பதின்மூன்று வருஷம் காத்திருக்கவில்லை. பதின்மூன்று நாள் கூடக் காத்திருக்கவில்லை. நாம் சொல்ல வந்த கதையே இதுதான்.

டைட்டானிக்குக்கு ஓர் அக்காள் உண்டு. "ஒலிம்பிக்" என்று பெயர். அதே பட்டறை, அதே அளவு, அதே கம்பெனி. அது 1912 ஏப்ரல் 24ஆம் தேதி, டைட்டானிக் முழுகிய ஒன்பதாம் நாள், அதே சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட வேண்டும். கம்பெனி பயந்து போய், ராணுவச் சிப்பாய்களை ஏற்றும் கப்பல்களில் கிடந்த 40 மடக்குப் படகுகளை அவசரமாகக் கொண்டு வந்து ஏற்றியது. பயர்மேன்கள் போய்ப் பார்த்தார்கள். பல படகுகள் இற்றுப் போயிருந்தன. சிலவற்றை விரிக்கவே முடியவில்லை. மரப் படகு வேண்டும் என்று கேட்டார்கள். முடியாது, சர்க்கார் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார் என்றார் கம்பெனி மானேஜர். இரண்டு வாரத்துக்கு முன்பும் ஓர் இன்ஸ்பெக்டர் சரி என்று சொல்லியிருந்தார் அல்லவா?

284 பயர்மேன்கள் தங்கள் மூட்டையைத் தூக்கிக் கொண்டு கப்பலை விட்டு இறங்கினார்கள். பிரிட்டிஷ் கடல் தொழிலாளர் சங்கம் என்ற, முந்தின வருஷம்தான் ஆரம்பித்த சங்கம் அவர்களுக்குப் பின்னால் நின்றது. பணக்காரப் பிரயாணிகள் அத்தனை பேரும் கப்பலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுப்பு வாயில் ஆள் இல்லை. பத்து லட்சம் ரூபாய் நாற்காலி போட்டிருந்தாலும் கப்பல் எங்கே போகும்?

மறுநாள் தொழிலாளர் பிரதிநிதிகள் முன்னிலையில் நாலு படகுகளைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். ஒன்று தேறவில்லை. அதை மாற்றினால் வேலைக்குத் திரும்பச் சிபாரிசு செய்கிறோம் என்றார்கள் பிரதிநிதிகள். ஆனால் அதற்குள் கம்பெனி எங்கிருந்தோ கருங்காலிகளைப் பிடித்துக் கப்பலேற்றியிருந்தது. வேலை தெரியாதவர்களை அடுப்படியில் வைத்துக் கொண்டு சமுத்திரத்தில் போவது ஆபத்து, அவர்களை இறக்குங்கள் என்றார்கள் தொழிலாளர்கள். கம்பெனி மறுத்தது. அப்போது மேல்தளத்து மாலுமிகள், அடுப்படியோடு சம்பந்தமே இல்லாதவர்கள், 54 பேர் கப்பலை விட்டு இறங்கினார்கள். பயர்மேனும் மாலுமியும் ஒருவரை ஒருவர் மதிக்காத தொழில் அது. ஆனால் அன்று இறங்கினார்கள்.

அவர்களைக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? கலகம்! நடுக்கடலில் கப்டனைக் கத்தி முனையில் நிறுத்துகிறவர்கள் மீது போடுகிற குற்றச்சாட்டு. போர்ட்ஸ்மவுத் மாஜிஸ்டிரேட்டுகள் மே 4ஆம் தேதி தீர்ப்புச் சொன்னார்கள். குற்றம் ருசுவாகிவிட்டது, ஆனால் இந்த வழக்கின் விசேஷ நிலைமையை உத்தேசித்து ஜெயிலும் இல்லை, அபராதமும் இல்லை, போகலாம். விசேஷ நிலைமை என்றால் வேறொன்றுமில்லை. 1,500 பிணங்களும், தேசம் முழுவதும் யார் பக்கம் பேசிக் கொண்டிருந்தது என்பதும்தான்.

கம்பெனி அந்தப் பிரயாணத்தையே ரத்து செய்துவிட்டது. கலகக்காரர்கள் என்று தான் பெயர் வைத்த அதே மனிதர்களை வேலைக்குத் திரும்ப எடுத்துக் கொண்டது. மே 15ஆம் தேதி ஒலிம்பிக் சவுத்தாம்ப்டனை விட்டுப் புறப்பட்டது. கரையில் ஜனங்கள் கை வீசினார்கள். கீழே மணி அடித்தது. நம்பர் பார்த்து அடுப்பு வாயைத் திறந்தார்கள்.